பெற்றோரே முதல் ஆசிரியர்



பிள்ளைகளைப் பெறுவதையும் பேணுவதையும் தனிப்பொருளாகக் கொண்டு ஆராய்ந்த பழைய மரபு நம்முடையது. திருக்குறளின் 7ஆம் அதிகாரம் மக்கட்பேற்றுக்கே உரியது. புறநானூற்றில் மறக்குடித் தாய் ஒருத்தி, ஒரு மகன் ஆளாவதில் யார் யாருக்கு என்னென்ன கடமை உண்டு என்று பகுத்துக் காட்டுகிறாள். தாய்க்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று, கொல்லனுக்கு ஒன்று, வேந்தனுக்கு ஒன்று என்று கடமைகள் அங்கே வரிசைப்படுகின்றன. அந்தப் பகுப்பில் மகனைச் சான்றோனாக்கும் பொறுப்பு தந்தையிடம் விடப்படுகிறது. பள்ளிக்கூடம் என்ற ஒன்று அதில் இடம்பெறவே இல்லை. இன்று நாம் அந்த வரிசையைத் தலைகீழாக்கி விட்டோம். பிள்ளையை நல்ல பள்ளியில் சேர்த்துக் கட்டணத்தையும் செலுத்திவிட்டால், சான்றோனாக்கும் வேலை வேறொருவர் கைக்குப் போய்விட்டது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம்.

பிறந்த மண்ணை விட்டு வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது மேலும் கவலைக்குரிய செய்தியாகும். ஊரில் ஒரு குழந்தையை வளர்ப்பவர் பலர். பாட்டன், பாட்டி, அத்தை, மாமன், பக்கத்து வீட்டார், கோவில் திருவிழா, தெருவில் விளையாடும் தோழர் ஆகிய அனைவரும் கேளாமலே அப்பணியில் பங்கு கொள்கின்றனர். மும்பையிலோ தில்லியிலோ பெங்களூரிலோ இரண்டு அறைகள் கொண்ட வீட்டில் வாழும் குடும்பத்துக்கு அந்தத் துணைகள் இல்லை. பத்துப் பேர் சுமந்த சுமை இருவர் தோள்மேல் விழுகிறது. அவ்விருவரும் வேலைக்குச் செல்பவராக இருந்துவிட்டால், அச்சுமை எவர் தோளிலும் இல்லாமற் போய்விடுகிறது.

இந்நிலையில் குடும்பத்தின் கடமை யாது என்ற வினாவுக்குக் கத்தோலிக்கத் திருச்சபை கூறிவரும் விடையை இன்று எடுத்துக்கொள்வோம். கத்தோலிக்கர் அல்லாத நேயர்களுக்கும் பயன்படத்தக்க கருத்துக்கள் அதில் உண்டு.

கிறிஸ்தவக் கல்வியைப் பற்றி 1929ஆம் ஆண்டு பாப்பரசர் பதினொன்றாம் பத்திநாதர் ஒரு சுற்றுமடல் விடுத்தார். ஐரோப்பாவின் சில நாடுகளில் குழந்தைகள் அரசாங்கத்தின் உடைமை என்னும் எண்ணம் ஓங்கி வந்த காலம் அது. குழந்தையை வளர்க்கும் உரிமை அரசாங்கம் அளித்த கொடையன்று என்றும், பெற்றோருக்கு அது இயல்பாகவே உரியது என்றும் அவர் வற்புறுத்தினார். பின்னர் 1965இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் கல்வியைப் பற்றித் தனி அறிக்கை ஒன்றை வெளியிட்டது. பிள்ளைகளுக்கு முதன்மையான ஆசிரியர் பெற்றோரே என்றும், அவர்கள் தம் கடமையில் தவறினால் அந்தக் குறையை நிரப்புவது அரிது என்றும் அவ்வறிக்கை கூறுகிறது. 1981இல் குடும்பத்தைப் பற்றி எழுதிய பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர், இந்தக் கடமையைப் பிறரிடம் முற்றிலும் ஒப்படைக்கவும் முடியாது, பிறர் அதைப் பறித்துக்கொள்ளவும் கூடாது என்று விளக்கினார்.

இதனால் பள்ளிக்கும் அரசுக்கும் வேலை இல்லை என்பது பொருளாகாது. கணிதத்தையும் அறிவியலையும் எல்லாப் பெற்றோரும் கற்பித்துவிட முடியாது. ஏழைப் பெற்றோருக்குப் பொருளுதவி வேண்டும். கொடுமைக்கு உள்ளாகும் குழந்தைக்குப் பாதுகாப்பு வேண்டும். இவற்றை அளிப்பது அரசின் கடமை என்பதைத் திருச்சபை ஏற்கிறது. எனினும் பள்ளி துணையாசிரியர், வீடே தலைமையாசிரியர். துணையாசிரியர் திறமையுடையவர் என்பதற்காகத் தலைமையாசிரியர் விடுப்பில் போய்விடலாகாது.

நம் நாட்டின் சட்டமும் இக்கருத்துக்கு அயலானதன்று. 2002ஆம் ஆண்டு 86ஆவது திருத்தத்தின் வழியாக, 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குக் கல்வி வாய்ப்பு அளிப்பதைப் பெற்றோரின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக நம் அரசியலமைப்பு சேர்த்துக்கொண்டது. அதே திருத்தம் கல்வியைக் குழந்தையின் அடிப்படை உரிமையாகவும் ஆக்கிற்று. அவ்வுரிமையைச் செயற்படுத்த 2009இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. குழந்தையின் உரிமையும் பெற்றோரின் கடமையும் ஒரே திருத்தத்தில் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பது சிந்திக்கத்தக்கது.

வீடு முதற்பள்ளி என்பது எவ்வாறு? குழந்தை எழுத்தை அறியுமுன் முகத்தை அறிகிறது. சொல்லின் பொருளை உணருமுன் குரலின் இனிமையையும் கடுமையையும் உணர்கிறது. தான் விரும்பப்படுகிறோமா, தன் அழுகைக்கு யாரேனும் வருவார்களா, சொன்ன சொல் காப்பாற்றப்படுமா என்பனவற்றையெல்லாம் அது பள்ளிக்குச் செல்லுமுன்பே தெரிந்துகொள்கிறது. கடவுள் தந்தை என்று பின்னாளில் ஞானோபதேச வகுப்பில் கற்பிக்கும்போது, அச்சொல்லுக்குக் குழந்தை பொருத்தும் பொருள் வீட்டிலிருந்து வருவதாகும். கள்ளுண்டு வந்து தாயை அடிக்கும் தகப்பனைக் கண்ட குழந்தைக்கு, அந்த ஒரு சொல்லைத் திருத்திக் கற்பிக்க எத்தனை குருக்கள் வேண்டும்!

1964இல் வெளியான வத்திக்கான் சங்கத்தின் ஏடு ஒன்று குடும்பத்தை இல்லத் திருச்சபை என்ற பொருளில் குறிப்பிடுகிறது. கோவிலில் பீடம் இருப்பது போல வீட்டில் உணவு உண்ணும் இடம் இருக்கிறது. இருக்கும் சோற்றைப் பங்கிடுதல், இளைய பிள்ளைக்கு முதலில் இடுதல், நோயுற்றவருக்காகக் காத்திருத்தல், வந்த விருந்தினருக்குத் தன் பங்கை விட்டுக்கொடுத்தல் ஆகியவை எந்தப் பாடநூலிலும் படித்து வருவன அல்ல. 2016இல் பாப்பரசர் பிரான்சிஸ் குடும்ப அன்பைப் பற்றி எழுதிய மடலில், அனுமதி கேட்டல், நன்றி கூறல், மன்னிப்பு வேண்டல் என்னும் மூன்றையும் வீட்டில் நாள்தோறும் வழங்க வேண்டிய சொற்களாகக் குறித்தார். இவை பிள்ளைகள் பெற்றோரிடம் கூற வேண்டியவை என்றே நாம் எண்ணுவோம். தந்தை தாயிடமும், தாய் மகளிடமும் கூறக் கேட்டாலன்றிப் பிள்ளைகளுக்கு இவை படியமாட்டா.

கொள்கைகளைக் கேட்டோம், இனி அவற்றை வாழ்ந்து காட்டிய இரு குடும்பங்களைக் காண்போம்.

இத்தாலி நாட்டில் தூரின் நகருக்கு அண்மையிலுள்ள சிற்றூர் ஒன்றில் மார்கரீத்தா என்னும் உழவர்குலப் பெண் வாழ்ந்தாள். 1817இல் அவள் கணவர் நுரையீரற் காய்ச்சலால் இறந்தார். அப்போது இளைய மகன் யோவானுக்கு இரண்டு வயதும் நிரம்பவில்லை. மூத்தாள் மகன் ஒருவன், தன் மக்கள் இருவர், முதிய மாமியார் ஆகியோரைக் காக்கும் பொறுப்பு அவள்மேல் விழுந்தது. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் இரவின் விண்மீன்களையும் வயலின் விளைவையும் காட்டிக் கடவுளைப் பற்றிப் பேசினாள். யோவான் படிக்க விரும்பினான். வயலில் உழைக்க ஆள் வேண்டுமென்று மூத்தாள் மகன் எதிர்த்தான். வீட்டில் சண்டை மூண்டபோது, இளையவனைச் சில காலம் வேறொரு பண்ணையில் வேலைக்கு அனுப்பிப் பூசலைத் தணித்தாள். பின்னர்ச் சொத்தைப் பிரித்து மகனின் படிப்புக்கு வழி திறந்தாள். மூத்தாள் மகனை வெறுக்கவும் இல்லை, தன் மகனின் ஆவலை நசுக்கவும் இல்லை.

அந்த யோவானே தொன் போஸ்கோ என்று உலகம் போற்றும் குரு ஆனார். தூரின் நகருக்குப் பிழைப்புத் தேடி வந்த அனாதைச் சிறுவர்களுக்கு அவர் இல்லம் அமைத்தபோது, 1846இல் 58 வயதான தாயை உடன் வர அழைத்தார். அவளும் அமைதியான சிற்றூர் வாழ்வை விட்டு வந்தாள். தன் மணநாள் ஆடையையும் அணிகளையும் அப்பணிக்கே கொடுத்தாள். சிறுவர்கள் அவள் வளர்த்த தோட்டத்தை மிதித்து அழித்தார்கள், துணிகளைக் கிழித்தார்கள். ஒருநாள் மனம் சலித்து ஊர் திரும்புவதாகக் கூறினாள். மகன் மறுமொழி கூறாது சுவரில் தொங்கிய சிலுவையைச் சுட்டிக்காட்டினார். அவள் 1856இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தாள். பகுத்தறிவு, சமயப்பற்று, அன்பு ஆகிய மூன்றின்மேல் தொன் போஸ்கோ பிற்காலத்தில் அமைத்த கல்விமுறையை உலகின் பல நாடுகளிலும் அவர் சபையார் பின்பற்றுகின்றனர். 1906இல் அவர்கள் தஞ்சாவூருக்கும் வந்தனர். அம்முறையின் வித்து எழுத்தறியாத தாயொருத்தியின் வீட்டில் ஊன்றப்பட்டது.

இரண்டாவது குடும்பம் பிரான்சு நாட்டைச் சேர்ந்தது. லூயி மர்த்தேன் கடிகாரம் செய்பவர். அவர் மனைவி செலி, அலான்சோன் நகரில் புகழ்பெற்ற பின்னல் சரிகைத் தொழிலை நடத்தியவர். 1858இல் மணந்துகொண்ட இவர்களுக்கு ஒன்பது குழந்தைகள் பிறந்தன. நால்வர் சிறுவயதிலேயே இறந்தனர். மனைவியின் தொழில் வளர்ந்தபோது கணவர் தம் கடையை விற்றுவிட்டு அவருக்குத் துணையாக வந்தார். கடைசி மகள் 1873இல் பிறந்து, பால் போதாமல் உயிருக்கு ஊசலாடினாள். அவளை நாட்டுப்புறத்துச் செவிலித்தாய் ஒருத்தியிடம் ஓராண்டுக்கு மேல் விட்டு வளர்த்தனர். அக்குழந்தையே சிறுமலர் என்று நாம் வணங்கும் அர்ச். குழந்தை தெரேசம்மாள். அவளுக்கு நான்கு வயதாயிருக்கையில், 1877இல் தாய் புற்றுநோயால் காலமானார். தந்தை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, உறவினர் துணை கிடைக்கும் லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தார்.

இக்குடும்பத்தில் யாவரும் தெரேசம்மாளைப் போன்றவரல்லர். லெயோனி என்னும் மகள் நோயாளி, பிடிவாதக்காரி, படிப்பில் பின்தங்கியவள், பள்ளியாலும் திருத்த முடியாதவள். தாயின் இறுதி ஆண்டில்தான் ஓர் உண்மை வெளிப்பட்டது. வீட்டு வேலைக்காரி அச்சிறுமியை நெடுநாள் அச்சுறுத்தி அடக்கி வைத்திருந்தாள். பெற்றோருக்கு அது தெரியாமலே இருந்தது. அன்பு மிகுந்த, பக்தியுள்ள வீட்டிலும் இவ்வாறு நிகழ்ந்தது. லெயோனி மும்முறை கன்னியர் மடத்தில் சேர்ந்து நிலைக்காமல் திரும்பினாள். 1899இல் நான்காம் முறை நுழைந்து, 1941இல் இறக்கும்வரை அங்கே வாழ்ந்தாள். லூயியும் செலியும் 2015ஆம் ஆண்டு ஒருசேரப் புனிதர் பட்டம் பெற்றனர். கணவனும் மனைவியுமாக ஒரே நாளில் இவ்வாறு உயர்த்தப்பட்டமை திருச்சபையில் புதுமை.

வேலைக்குச் செல்லும் பெற்றோர் லெயோனியின் கதையை ஊன்றி எண்ண வேண்டும். குழந்தையைப் பணியாளரிடமோ காப்பகத்திலோ அண்டை வீட்டிலோ விட்டுச் செல்வது பலருக்குத் தவிர்க்க முடியாதது, அதில் பழியில்லை. ஆனால் விட்டுச் சென்றபின் குழந்தையின் முகத்தைப் படிக்க வேண்டும். திடீரென்று பேச்சுக் குறைந்த குழந்தை, ஒருவரைக் கண்டால் ஒளியும் குழந்தை, காரணமின்றி முரண்டு செய்யும் குழந்தை, சொல்ல முடியாத ஒன்றைச் சொல்ல முயல்கிறது. அதை அடித்து அடக்கினால் வாயில் கடைசியாக எஞ்சிய கதவையும் நாமே மூடியவராவோம். குற்றஞ் செய்தவர் உறவினரானாலும், மதிப்புக்குரியவரானாலும், சமயப்பணி புரிபவரேயானாலும், குழந்தையின் சொல்லை முதலில் நம்பிக் கேட்பது பெற்றோரின் கடமை.

இனி, வெளிமாநிலத் தமிழருக்கே உரிய செய்திக்கு வருவோம்.

1952இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் குடிபெயர்ந்தோரைப் பற்றி வெளியிட்ட ஏடு, எகிப்துக்குத் தப்பியோடிய நசரேத்துத் திருக்குடும்பத்தை முன்வைத்தே தொடங்குகிறது. அயல்நாட்டில் அடைக்கலம் புகும் குடும்பங்களுக்கெல்லாம் அதுவே முன்மாதிரி என்பது அதன் கருத்து. குடிபெயர்ந்தோருக்கு அவர்கள் மொழியறிந்த குருக்களின் துணை வேண்டும் என்பதையும் அது வகுத்துரைத்தது. நமக்கு இச்செய்தி புதிதன்று. இத்தாலியில் பிறந்து தமிழகம் வந்த வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணி, 3,615 பாடல்களில் பாடுவது அந்தக் குடும்பத்தின் தலைவராகிய சூசையப்பரையே. அவருக்கு வளன் என்று தமிழ்ப் பெயரும் இட்டார். போர்வீரனையும் வேந்தனையும் தலைவனாகக் கொள்ளும் காப்பிய மரபில், மனைவியையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு அயல்நாடு சென்ற தச்சர் ஒருவரைத் தலைவராக்கியது அந்நூல். வெளியூரில் உழைத்துக் குடும்பம் காக்கும் எளிய தகப்பன் எவனும் காப்பியத்துக்குரிய செயலைச் செய்கிறான் என்பதை நாம் மறவாதிருப்போமாக.

அத்தகைய தகப்பன்மார் கோலார் தங்கவயலில் பலர். 1880களில் அங்கே ஆழ்சுரங்க வேலை பெருகியபோது வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் குடியேறினர். தலைமுறைகள் கடந்தும் தமிழ் அங்கே வீட்டுமொழியாய் நின்றது. 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். குழந்தை உறங்கும்போது புறப்பட்டு, உறங்கியபின் வீடு சேரும் தந்தைக்கு, குடும்பத்தோடு அதிக நேரம் இருங்கள் என்று அறிவுரை கூறுவது எளிது. அது அவன் கையில் இல்லை. கையில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை. அந்த ஒரு நாளின் பூசை, ஒன்றாக உண்ணும் உணவு, பிள்ளையோடு நடந்து போகும் அரைமணி நேரம் ஆகியவற்றை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதிருப்பது அவன் செய்யக்கூடியது. குறைந்த நேரமானாலும் தவறாத நேரமாயின், பிள்ளை அதை நம்பிக் காத்திருக்கும்.

அடுத்து மொழி. வெளிமாநிலத்தில் வளரும் பிள்ளை வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று மூன்றைக் கற்கிறது. இது செல்வம். வாழும் மாநிலத்தின் மொழியை நன்கு கற்று, அம்மக்களோடு உடன்பிறந்தாராய் வாழ்வது நம் கடமை. அதற்குத் தடையாக நிற்கும் தமிழ்ப்பற்று பற்றாகாது. ஆயினும் அண்மைக் காலத்தில் பல வீடுகளில் ஒரு விந்தை நிகழ்கிறது. வங்கிக்கும் மருத்துவமனைக்கும் அலுவலகத்துக்கும் செல்லும்போது பத்து வயது மகள் பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளர் ஆகிறாள். பள்ளியிலிருந்து வந்த ஓலையை அவளே படித்துச் சொல்கிறாள். நாளடைவில், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒன்றும் தெரியாது என்ற எண்ணம் அவள் மனத்தில் வேர்விடுகிறது. அவர்கள் கூறும் நல்லுரையும் அத்துடன் மதிப்பிழக்கிறது.

இதற்கு மருந்து இரண்டு. பெற்றோர் எவ்வயதிலும் அந்த ஊர்மொழியைக் கற்கத் தொடங்க வேண்டும். மகளையே ஆசிரியையாகக் கொண்டு, எழுத்துக்கூட்டிப் படித்தாலும் இழுக்கில்லை. கற்கும் பெற்றோரைக் கண்ட பிள்ளைக்குக் கல்வியின் பெருமையைத் தனியே விளக்க வேண்டுவதில்லை. மற்றொன்று, பெற்றோருக்கு நன்கு தெரிந்ததைப் பிள்ளைக்குத் தமிழில் கற்பிக்க வேண்டும். கதையோ, கணக்கோ, கைத்தொழிலோ, சமையலோ, ஊரின் வரலாறோ, எதுவாயினும் சரி. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியும் என்று பிள்ளை உணரும் ஓர் இடம் வீட்டில் இருக்க வேண்டும்.

அந்த இடங்களுள் முதன்மையானது செபம். யேசுநாதர் கடவுளை அழைத்த சொல்லைச் சுவிசேஷம் அவர் வீட்டில் பேசிய அரமேயிக் மொழியிலேயே காத்து வைத்திருக்கிறது. அச்சொல் அப்பா என்பது. தமிழ்க் குழந்தையின் செவிக்கும் அது வீட்டுச் சொல்லாகவே ஒலிக்கும். நசரேத்தில் மரியாளின் மடியிலும் சூசையப்பரின் தச்சுப்பட்டறையிலும் கேட்ட மொழியில் அவர் துன்பவேளையிலும் மன்றாடினார். பள்ளியில் ஆங்கிலத்தில் மந்திரங்களை மனப்பாடம் செய்த பிள்ளை தேர்வில் பரிசு பெறலாம். அச்சம் வந்த இரவில், நோய்ப்படுக்கையில், தாயிழந்த நாளில் நாவில் எழும் மொழி தாயோடு சேர்ந்து செபித்த மொழியாகவே இருக்கும். ஆகவே இரவில் செபமாலையின் ஒரு பத்துமணியேனும் தமிழில் குடும்பமாகச் சொல்லுங்கள். நீட்டிச் சொல்லிக் குழந்தையைத் தூங்கவைப்பதைவிடச் சுருக்கமாகத் தவறாது சொல்வது நன்று.

தாய்மொழியைப் படிக்க வழியில்லையே என்பாரும் உளர். மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழிவழிப் பயிற்சிக்குத் தக்க வசதி செய்ய முயலவேண்டும் என்று 1956இல் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு மாநிலங்களுக்கு உரைக்கிறது. 1923இல் தோன்றிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகம், தலைநகரில் பள்ளிகளை நடத்தி வருவது, பெற்றோர் ஒன்றுபட்டால் எதுவும் இயலும் என்பதற்குச் சான்று. பள்ளி இல்லாத இடங்களில் பங்குக் கோவிலின் ஓர் அறையும், சனிக்கிழமை மாலையும், எழுத்தறிந்த ஓர் அன்னையும் போதும். பாட்டி எழுதிய கடிதத்தைப் பேரன் தானே படிக்கும் நாள் அங்கிருந்து தொடங்கும்.

பிள்ளை வளர்ப்பில் நேரும் குறைகள் சிலவற்றையும் குறிப்பிட வேண்டும். முதலாவது, அடித்துத் திருத்துதல். பள்ளிகளில் உடல் தண்டனையை 2009ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கிவிட்டது. ஆசிரியருக்கு மறுக்கப்பட்ட பிரம்பை அப்பா எடுத்துக்கொள்வதில் நியாயம் என்ன? தொன் போஸ்கோ நூற்றுக்கணக்கான முரட்டுச் சிறுவர்களை அதன் துணையின்றி ஆண்டார். இரண்டாவது, ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதி. மகன் உண்ட தட்டை மகள் கழுவும் வீட்டில் கடவுளின் சாயலாக இருவரும் படைக்கப்பட்டனர் என்னும் பாடம் சுவரில் மாட்டிய படமாகவே நின்றுவிடும். மூன்றாவது, நம் நிறைவேறாத ஆசைகளைப் பிள்ளைமேல் சுமத்துதல். தொழிலையும் வாழ்க்கை நிலையையும் தேர்ந்துகொள்வது வளர்ந்த பிள்ளைகளின் உரிமை; பெற்றோர் அறிவுரை கூறலாம், வற்புறுத்தலாகாது என்று 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் தெளிவாகக் கற்பிக்கிறது. மருத்துவம் படித்தே ஆக வேண்டும் என்பதற்கும், மடத்தில் சேர்ந்தே ஆக வேண்டும் என்பதற்கும், நாம் காட்டுபவரையே மணக்க வேண்டும் என்பதற்கும் இது பொருந்தும்.

நான்காவது குறை இக்காலத்தது. ஒரே அறையில் நால்வர் அமர்ந்து நான்கு கைப்பேசிகளை நோக்குகின்றனர். பிள்ளையின் கைப்பேசியைக் கண்காணிப்பதே தம் கடமை என்று பெற்றோர் எண்ணுகின்றனர். பாப்பரசர் பிரான்சிஸ் முன் குறிப்பிட்ட மடலில் இதற்கு ஒரு நல்ல விளக்கம் தந்தார். பிள்ளை எந்த இடத்தில் இருக்கிறது என்று ஓயாது காவல் காப்பது கல்வியாகாது. அதன் உள்ளம் எங்கே இருக்கிறது, எதை நாடுகிறது என்பதை அறிவதே முதன்மையானது என்றார். உள்ளத்தை அறியப் பேச வேண்டும். பேசுவதற்குப் பெரியவர்கள் முதலில் தம் கைப்பேசியைக் கீழே வைக்க வேண்டும்.

இத்தனையும் செய்தும் பிள்ளை தவறிப் போனால்? பன்னிரண்டு வயது யேசுவையே பெற்றோர் மூன்று நாள் காணாமல் தேடினர் என்று லூக்காஸ் எழுதுகிறார். கண்டபின் அவர் கூறிய விடை அவர்களுக்கு விளங்கவில்லை. தாய் அதை உள்ளத்தில் வைத்துச் சிந்தித்தாள். விளங்காத பிள்ளையை வெறுக்காமல் காத்திருப்பதும் வளர்ப்பின் ஒரு பகுதியே. அர்ச். மோனிக்கம்மாள் வழிதவறிய மகனுக்காக ஆண்டுக்கணக்கில் கண்ணீர் விட்டு, ஆப்பிரிக்காவிலிருந்து மிலான் வரை அவனைப் பின்தொடர்ந்தாள். 387இல் அம்மகன் ஞானஸ்நானம் பெற்றான். அதே ஆண்டில் தாய் ஓஸ்தியா துறைமுகத்தில் கண்மூடினாள். அவனே திருச்சபையின் பேராசான் அகுஸ்தீனார். எல்லாத் தாய்மாருக்கும் இத்தகைய முடிவு கிட்டும் என்று கூற இயலாது. பிள்ளை நம் உடைமையன்று. கடவுள் நம்மிடம் வைத்த அடைக்கலம். அதற்குத் தன் விருப்பம் உண்டு. நாம் விதைப்பதற்குக் கணக்குக் கொடுப்போம். விளைவுக்கு முழுக்கணக்கு நம்மிடம் கேட்கப்படாது.

பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளும், ஒருவரே நின்று காக்கும் குடும்பங்களும் நம்மிடையே உள்ளன. ஞானஸ்நானத்தில் குழந்தைக்கு ஞானத்தாய் தந்தையரைத் திருச்சபை அளிப்பது வெறும் சடங்குக்காக அன்று. பெயருக்கு நின்று பரிசளித்துப் போனவர்கள், அந்தப் பிள்ளை இப்போது எப்படியிருக்கிறது என்று இவ்வாரம் விசாரிக்கலாம். தமிழர் கூடும் பங்குகளில், வேலைக்குச் செல்லும் அண்டைவீட்டுத் தாயின் பிள்ளைகளை மாலையில் இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ள முன்வரும் குடும்பம், ஊரில் விட்டுவந்த அத்தையும் பாட்டியும் இருந்த இடத்தை நிரப்புகிறது.

எகிப்தில் அந்தச் சிறு குடும்பம் எவ்வளவு காலம் இருந்தது, எந்தத் தெருவில் குடியிருந்தது என்று சுவிசேஷம் கூறவில்லை. அங்கே குழந்தை காக்கப்பட்டது. நேரம் வந்தபோது ஊர் திரும்பி வளர்ந்தது. பெற்றோர் செய்தது அவ்வளவே. அயலிடத்தில் வாழும் நாமும் அவ்வளவைச் செய்வோமாக. இன்றிரவு விளக்கணைக்கும் முன் பிள்ளையை அருகில் அழைத்து, இன்று என்ன நடந்தது என்று தமிழில் கேளுங்கள். அது சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் செவிசாயுங்கள்.